இரண்டே டைலில் ஒரு பேராலயம்: கார்கசோனில் ஒரு சிறு விரிவாக்கம் செய்யும் வேலை

கார்கசோன் என்பது டைல் எனப்படும் சதுர அட்டைகளை ஒட்டி ஒட்டி வைத்து ஆடும் மேசை விளையாட்டு. அதற்கு எத்தனையோ விரிவாக்கங்கள், அதாவது கூடுதல் தொகுப்புகள், வந்திருக்கின்றன. புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் எதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சேலத்தில் என்னோடு விளையாட வருகிறவர்கள் கேட்பதுண்டு. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பேராலய டைல்கள். மொத்தமே இரண்டு டைல். அவற்றுக்கான விதி இரண்டு வரி. ஆனால் அந்த இரண்டு வரி வந்து சேர்ந்ததும், அதுவரை விளையாடியதைவிட ஆழமான ஒன்றை விளையாடத் தொடங்கிவிடுகிறோம். அது எப்படி நடக்கிறது என்பதை, இந்த விளையாட்டைப் பார்த்தே இராதவருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

கார்கசோன் 2000ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் கிளாவுஸ்-யூர்கன் விரேட. வெளியிட்டது ஹான்ஸ் இம் க்ளுக் நிறுவனம். அடுத்த ஆண்டே, அந்த நாட்டில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்குத் தரப்படும் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருதைப் பெற்றது. தெற்கு பிரான்சில் கார்கசோன் என்று ஒரு பழைய கோட்டை நகரம் இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது. இதை விளையாடத் தாயக்கட்டை வேண்டாம், கட்டம் போட்ட பலகையும் வேண்டாம். 72 சதுர அட்டைகள் இருக்கும், அவ்வளவுதான். டைல் என்றே எல்லோரும் சொல்கிறோம். ஒவ்வொன்றும் சுமார் நாலரை சென்டிமீட்டர். சாலை, மதில் சூழ்ந்த நகரத்தின் ஒரு துண்டு, மடாலயம், வயல் என்று இவற்றில் சில ஒவ்வொரு டைலிலும் வரையப்பட்டிருக்கும். ஒரு டைலை மேசை நடுவில் வைத்து ஆட்டம் தொடங்கும். மற்றவை கவிழ்ந்திருக்கும், அல்லது ஒரு பையில் இருக்கும். உங்கள் முறை வரும்போது ஒன்றை எடுத்து, ஏற்கெனவே இருக்கும் டைல்களோடு ஒட்டி வைக்க வேண்டும். ஒட்டுகிற பக்கம் பொருந்த வேண்டும்: சாலையோடு சாலை, நகரத்தோடு நகரம், வயலோடு வயல். இப்படி வைக்க வைக்க மேசை மேல் ஒரு நாடு விரிந்துகொண்டே போகும்.

டைலை வைத்த பிறகு, விருப்பப்பட்டால் அந்த டைலில் உள்ள ஏதாவது ஒன்றின் மேல் உங்கள் ஆளை நிறுத்தலாம். மரத்தில் செய்த குட்டி மனித உருவம் அது. உலகம் முழுக்க மீப்பிள் என்கிறார்கள். ஆள் நின்றால் அந்தச் சாலையோ நகரமோ உங்கள் கணக்கில். இன்னொருவரின் ஆள் ஏற்கெனவே நிற்கும் சாலையிலோ நகரத்திலோ நேரடியாகப் போய் நிறுத்த முடியாது. கட்டி முடித்தால் புள்ளி வரும், ஆள் கைக்குத் திரும்புவான். முடியாதவரை அங்கேயே நிற்பான். கையில் இருப்பது ஏழே ஆட்கள். இதை மட்டும் மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

சாலைக் கணக்கை சேலத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. நாலு ரோட்டில் கிளம்பி அஞ்சு ரோட்டில் முடிகிற ஒரு சாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், நடுவில் வரும் சந்துகளை மறந்துவிடலாம். இரண்டு முனையிலும் சந்திப்பு வந்துவிட்டது, ஆகவே அது முடிந்த சாலை. முனையில் இருப்பவற்றையும் சேர்த்து எத்தனை டைல் இருக்கிறதோ, டைலுக்கு ஒரு புள்ளி. சந்திப்போ நகரமோ மடாலயமோ வந்தால் சாலை முடியும், வளைவு முடிக்காது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருந்தாலும், கிளை பிரியாத வரைக்கும் இந்த விளையாட்டின் கண்ணுக்கு அது ஒரே சாலை.

நகரத்தில் மதிற்சுவர் சுற்றிலும் முழுமையாக மூடிக்கொள்ள வேண்டும். மூடினால் டைலுக்கு 2 புள்ளி. சில நகர டைல்களில் ஒரு கேடயச் சின்னம் இருக்கும், அதற்கும் 2. ஆட்டம் முடியும்வரை மூடாமலே கிடந்தால் பாதிதான், அதாவது டைலுக்கு 1, கேடயத்துக்கு 1. மடாலயத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் டைல் வந்துவிட்டால் 9 புள்ளி. வயலில் ஆளைப் படுக்க வைக்கும் விதியும் ஒன்று உண்டு. அதை முதல் இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு விட்டுவிடச் சொல்வேன், இங்கேயும் விட்டுவிடுகிறேன்.

இப்போது விரிவாக்கம் என்றால் என்ன என்று பார்க்கலாம். அடிப்படைப் பெட்டியோடு கலந்து விளையாட, பிறகு தனியாக வரும் டைல்களும் விதிகளும்தான் விரிவாக்கம். சில பெரியவை, தனிப்பெட்டியில் வரும். சில மிகச் சிறியவை, ஒரு கைப்பிடி டைலும் ஒரு தாள் விதியும் மட்டும். 2001இல் வந்த நதி அப்படி ஒரு சிறு தொகுப்பு: 12 டைல், தொடக்கத்தில் ஒரு ஆற்றை வரைந்துவிட்டு அதன் இரு கரையிலும் ஆட்டம் வளரும். ஜெர்மனியின் உண்மையான மடாலயங்களை ஆறு டைலில் வரைந்த தொகுப்பும் உண்டு. அதில் உங்கள் ஆளை நிற்கவும் வைக்கலாம், படுக்கவும் வைக்கலாம். படுத்தால் அவர் மடத்தலைவர். ஆட்டம் முடிந்ததும் அந்த மடத்திலிருந்து நேர்க்கோட்டில் நான்கு திசையிலும் தொடர்ந்து வரும் டைல்களை எண்ணிப் புள்ளி கொடுப்பார்கள்.

பேராலய டைல்கள் வந்தது 2002இல், ‘விடுதிகளும் பேராலயங்களும்’ என்று பெயர் கொண்ட பெரிய விரிவாக்கத்தில். அந்தப் பெட்டியில் 18 புது டைல், ஆறாவது ஆட்டக்காரருக்கான ஆட்கள், இரண்டு ஆட்களுக்குச் சமமாக எண்ணப்படும் ஒரு பெரிய ஆள் எல்லாம் உண்டு. அத்தனையையும் முதல் நாளே கொட்டிக் கலக்காதீர்கள். இரண்டு பேராலய டைல்களை மட்டும் எடுத்து அடிப்படை 72உடன் சேருங்கள். 74 டைல். என் கருத்தில், ஒரு சிறு விரிவாக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பேராலய டைலைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். நான்கு பக்கமும் நகரம், நடுவில் ஒரு பெரிய கோவில். விதி இதுதான். பேராலயம் உள்ள நகரத்தை மூடி முடித்தால் டைலுக்கு 2க்குப் பதில் 3 புள்ளி, கேடயத்துக்கும் 3. ஆட்டம் முடியும்போது மூடாமல் கிடந்தால் எதுவும் இல்லை. பாதியும் இல்லை. பூஜ்யம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு டைல் நகரம், கேடயம் இல்லை. சாதாரண நகரமாக இருந்தால் முடித்தபின் 12, முடிக்காவிட்டால் 6. அதே ஆறில் ஒன்று பேராலயமாக இருந்தால் முடித்தபின் 18, முடிக்காவிட்டால் 0. இந்த நான்கு எண்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பேராலயம் இருந்து முடித்தால் ஆறு புள்ளி கூடுகிறது. இருந்து முடிக்காவிட்டால் அதே ஆறு புள்ளி குறைகிறது. நகரம் எவ்வளவு பெரிதானாலும் இப்படித்தான். பத்து டைல் என்றால் பத்து லாபம் அல்லது பத்து நஷ்டம்.

லாபமும் நஷ்டமும் சரிசமம் என்றால் அதற்கு ஒரு தெளிவான பொருள் உண்டு. இந்த நகரத்தை முடிக்க பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றினால் பேராலயத்தை வையுங்கள். பாதிக்குக் கீழ் என்றால் உங்கள் நகரத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். விதிப்புத்தகத்தில் இப்படி எழுதியிருக்காது. ஆனால் 3, 2, 1, 0 என்ற எண்களைத் தேர்ந்தெடுத்தவர், சரியாக நடுவில் நிற்கும் ஒரு தராசை நம் கையில் கொடுத்திருக்கிறார். எனக்கு இதைக் கண்டபோது உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை. அதே பெட்டியில் வரும் விடுதி டைல்களையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ஏரிக்கரை விடுதி உள்ள சாலையை முடித்தால் டைலுக்கு 2, முடிக்காவிட்டால் 0. விடுதி இல்லாத சாலைக்கு, முடித்தாலும் முடிக்காவிட்டாலும் கடைசியில் டைலுக்கு 1 வரும். ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும். மறுபடியும் சரிபாதி.

பாதி வாய்ப்பு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கஷ்டம் இங்கேதான் ஆரம்பம், ஆட்டத்தின் ருசியும் இங்கேதான்.

பேராலய டைலுக்கு நான்கு பக்கமும் நகரம் என்று சொன்னேன். ஒரே ஒரு திறந்த வாய், அதாவது மதில் இன்னும் மூடாத ஒரு பக்கம், மட்டும் மிச்சமிருந்த உங்கள் நகரத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால், ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும், மற்ற மூன்று பக்கமும் புதிதாகத் திறந்துகொள்ளும். ஒரு டைல் வந்தால் மூடிவிடலாம் என்ற நிலையில் இருந்தவர், இப்போது குறைந்தது மூன்று டைலுக்குக் காத்திருக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் கோவில் படத்தையும் 3 என்ற எண்ணையும் பார்த்துவிடுகிறார்கள், இந்த மூன்று வாய்களை எண்ணுவதில்லை. ஆகவே முதலில் எண்ண வேண்டியது வாய்களைத்தான்.

அடுத்து, மூடிகள். ஒரு பக்கத்தில் நகரத்தின் விளிம்பு வந்து அங்கேயே மதில் வளைந்து முடிகிற டைல்களை நாங்கள் மூடி என்போம். சில டைல்களில் இப்படித் தனித்தனியாக இரண்டு பக்கம் இருக்கும், அவையும் மூடிதான். திறந்த வாயை அடைப்பவை அவை. அடிப்படைப் பெட்டியில் அப்படி இருபதுக்கும் மேல் இருக்கின்றன, கிட்டத்தட்ட பத்தில் மூன்று. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் கையோடு கணக்குப் போடலாம். இருவர் ஆடும்போது பையில் இன்னும் 20 டைல் இருக்கிறது என்றால் உங்கள் பங்கு 10. அதில் சராசரியாக மூன்று மூடி. உங்களுக்குத் தேவையும் மூன்று. ஆனால் அந்த மூன்றும் வேறு எங்கேயும் தேவைப்படாமல், பக்கத்து டைல்களோடும் பொருந்தி, நேரத்துக்கு வர வேண்டும். அதாவது சரியாகப் பாதி என்ற கோட்டிலேயே நிற்கிறீர்கள். நாலு பேர் ஆடும்போது அதே 20 டைலில் உங்கள் பங்கு 5தான். அப்போது வைக்கவே கூடாது. என் பழக்கத்தைச் சொல்கிறேன்: இருவர் ஆட்டத்தில் பை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால், பேராலயம் வந்தாலும் என் நகரத்தில் வைக்கமாட்டேன். நாலு பேர் என்றால் பாதி தாண்டியதுமே அந்த ஆசையை விட்டுவிடுவேன்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திறந்த வாய்க்கு எதிரே இருக்கும் இடம் காலியாக, மூன்று பக்கமும் யாரும் ஒட்டாமல் இருந்தால் எந்த மூடியும் அங்கே பொருந்தும். அதே இடத்தை ஒட்டி வேறு பக்கத்தில் ஒரு சாலை வந்து நின்றுவிட்டால், நகர விளிம்பும் சாலையும் சரியான பக்கத்தில் இருக்கும் டைல் மட்டுமே பொருந்தும். அப்படிப்பட்டவை குறைவு. ஆட்டத்தின் பின்பகுதியில் பையில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கலாம், அல்லது எல்லாம் வந்து போயிருக்கலாம். எதிராளி உங்கள் நகரத்தை நேரடியாகத் தொட வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு சாலையை நீட்டிவிட்டால் போதும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேராலயம் என்றாலே ஆபத்து என்று ஒதுங்கிவிட வேண்டாம். வாய்ப்பைக் கூட்ட ஒரு நல்ல வழி இருக்கிறது, அதுவும் இந்த விளையாட்டின் மிக அழகான பகுதி என்று நான் நினைக்கிறேன். அது கூட்டு.

அடுத்தவர் ஆள் நிற்கும் நகரத்தில் நேரடியாக நுழைய முடியாது என்று சொன்னேன். ஆனால் பக்கத்தில் ஒரு டைல் தள்ளி நீங்கள் தனியாக ஒரு சிறு நகரத்தைத் தொடங்கி அதில் ஆளை நிறுத்தலாம். பிறகு இடையில் ஒரு நகர டைல் வந்து இரண்டையும் இணைத்தால் அது ஒரே நகரம், இருவருக்கும் உரியது. அதிக ஆள் வைத்தவருக்குப் புள்ளி. ஆட்கள் சமம் என்றால் இருவருக்குமே முழுப் புள்ளி, பாதியாகப் பிரிப்பதில்லை. சாதாரண நகரத்திலேயே இது நடக்கும். பேராலய நகரத்தில் இதன் மதிப்பு பல மடங்கு. எட்டு டைல் நகரம் முடிந்தால் இருவருக்கும் ஆளுக்கு 24. இருவருமே முடிக்கத் துடிக்கிறார்கள். நாலு பேர் ஆட்டத்தில் இப்போது வரும் டைல்களில் பாதி அந்த நகரத்துக்காக உழைக்கிறது, நாலில் ஒரு பங்கு இல்லை. கால் வாய்ப்பாக இருந்தது பாதியைத் தாண்டிவிடலாம். ஆகவே பேராலயத்தை வைக்கும்போது எங்கே வைத்தால் யார் கூட வந்து சேருவார்கள் என்றும் யோசிக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில், ஒருவரோடு ஒருவர் பேசாமலே, இரண்டு பேர் ஒரு கோவிலைச் சேர்ந்து கட்டத் தொடங்குவார்கள். பார்த்துக்கொண்டிருக்கவே நன்றாக இருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆட்டம் முடியப் போகிற நேரம். உங்கள் எதிராளி பத்து டைல் நகரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார், மூட முடியாது போலிருக்கிறது, ஆனாலும் கடைசியில் பத்துப் புள்ளி வந்துவிடும். அப்போது உங்கள் கைக்குப் பேராலய டைல் வருகிறது. அதை அவருடைய நகரத்தின் திறந்த வாயில் வைத்தால், முழு நகரமும் பூஜ்யம். ஆள் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்பான். விதிப்படி முழுக்கச் சரி. வீட்டில் ஆடும்போது இப்படிச் செய்யலாமா என்ற பேச்சு கட்டாயம் வரும். சித்தப்பாவின் நகரத்தில் போய்ப் பேராலயத்தை வைத்துவிட்டு, அன்று இரவு சாப்பாட்டில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் அல்லவா?

நான் இதில் உறுதியாக ஒரு பக்கம் நிற்கிறேன். செய்யலாம், செய்யவும் வேண்டும். காரணம், அந்தப் பயம் இருந்தால்தான் பெரிய நகரத்தைப் பிடித்தவர் அதை முடிக்க அவசரப்படுவார். அடிப்படை ஆட்டத்தில் பெரிய நகரத்தை அப்படியே திறந்து போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், பாதிப் புள்ளி எப்படியும் வரும். பேராலயங்களில் ஒன்றாவது இன்னும் பையில் இருக்கும்வரை அந்த நிம்மதி கிடையாது. இன்னும் டைல் கைக்கு வரவே இல்லை, ஆனாலும் அது எல்லோரையும் வேறு மாதிரி ஆட வைக்கிறது. இரண்டு பேராலயமும் மேசைக்கு வந்துவிட்டதா என்று எண்ணி வைத்துக்கொள்வது இதனால் முக்கியம். ஆனால் ஒரு மரியாதை உண்டு: முதல் முறையாக ஆட வந்தவரிடம் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்தால் அவர் இரண்டாவது முறை வரமாட்டார்.

பேராலயம் என்ற கட்டடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல ஆசை, ஏனென்றால் விளையாட வருகிற பிள்ளைகள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பெரிய சர்ச் எல்லாம் பேராலயமா? இல்லை. ஒரு மறைமாவட்டத்தின் ஆயருடைய (பிஷப்பின்) இருக்கை உள்ள கோவில்தான் பேராலயம். அளவு கணக்கில் வராது. சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானது. அதன் பேராலயம், அரிசிபாளையத்தில் இருக்கும் குழந்தை இயேசு பேராலயம். ஏற்காட்டில் மலை மேல் அழகான பழைய தேவாலயங்கள் இருக்கின்றன, ஆனால் அவை பேராலயங்கள் அல்ல. கார்கசோன் நகரத்துக் கதை இன்னும் சுவையானது. கோட்டைக்குள் இருக்கும் புனித நசாரியுஸ் கோவில்தான் பல நூற்றாண்டுகள் அந்த ஊரின் பேராலயம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தகுதி கோட்டைக்கு வெளியே கீழே இருக்கும் புனித மிக்கேல் கோவிலுக்குப் போய்விட்டது. இன்று அங்கே போகிறவர்கள் வியந்து பார்க்கும் கோட்டை மதில்களும் கூம்புக் கூரைகளும் 1853இலிருந்து வியோலே-லெ-டியூக் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் நடந்த புதுப்பிப்பில் உருவம் பெற்றவை. 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

முடிக்காவிட்டால் பூஜ்யம் என்ற விதி ஐரோப்பாவின் வரலாற்றுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது தனிக் கதை. ஜெர்மனியில் கொலோன் பேராலயத்தின் வேலை 1248இல் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டில் பணமும் ஆர்வமும் தீர்ந்து வேலை நின்றது. பாதி எழும்பிய தெற்குக் கோபுரத்தின் உச்சியில் ஒரு மரப் பாரந்தூக்கி நூற்றாண்டுகளாக அப்படியே நின்றிருந்தது. 1842இல் மறுபடியும் தொடங்கி 1880இல் முடித்தார்கள், 632 வருடம். பிரான்சில் போவே என்ற ஊரில் எல்லோரையும்விட உயரமாகக் கட்ட ஆசைப்பட்டார்கள். உள்கூரை 48 மீட்டர் உயரம். 1284இல் அதில் ஒரு பகுதி இடிந்தது, சரி செய்தார்கள். பிறகு எழுப்பிய நடுக் கோபுரம் 1573இல் விழுந்தது. மக்கள் கூடி நிற்க வேண்டிய நீண்ட முன் மண்டபம் இன்றுவரை கட்டப்படவே இல்லை. ஆனாலும் அந்த அரைகுறைப் பேராலயத்தில் வழிபாடு நடக்கிறது, அதைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். ஆகவே நிஜத்தில் பூஜ்யம் இல்லை. விளையாட்டின் விதி வரலாற்றைவிடக் கடுமையானது. ஆனால் இத்தனை உயரத்துக்கு ஆசைப்பட்டால் முடிக்க முடியாமலே போகலாம் என்ற பயம், அந்தக் கொத்தனார்களுக்கும் இருந்திருக்கும்.

நம் ஊரில் ஒரு நடைமுறைச் சிக்கல்: வெளிநாட்டிலிருந்து வரும் விரிவாக்கப் பெட்டிகளின் விலை. இரண்டு டைலுக்காக அவ்வளவு செலவழிக்கத் தயங்குகிறவர்களுக்கு, வீட்டுக்குள் ஆடுவதற்கு மட்டும் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்பேன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் கெட்டியான அட்டைத் துண்டு கேட்டால் கிடைக்கும். அசல் டைலோடு சேர்த்துப் பிடித்து விரலால் தடவிப் பாருங்கள், தடிமன் ஒன்றாக இருக்க வேண்டும். அளவுக்கு அசல் டைலையே வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வெட்டுங்கள். நான்கு விளிம்பும் நகரம், நடுவில் கோவில். கோவிலைப் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். குழந்தை இயேசு பேராலயத்தைப் பார்த்து வரைந்தாலும் சரி. முக்கியமானது, முழு நகரமும் ஒரே நிறம், இடையில் வயலோ சாலையோ வரக் கூடாது.

செய்த டைலின் முதுகு அசலைப் போல இருக்காது. கவிழ்த்து அடுக்கினால் எது பேராலயம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கு வழி நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது: கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பை. எல்லா டைலையும் அதில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் கைவிட்டு எடுங்கள். தடிமன் சரியாக இருந்தால் விரலுக்கும் தெரியாது. உண்மையில் அசல் டைல்களோடு ஆடும்போதும் பை வைத்து எடுப்பதே எனக்குப் பிடிக்கும். ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு போகும்போது இது இன்னும் வசதி. பெட்டி வேண்டாம், பையைச் சுருட்டி எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும், அங்கே திண்ணையில் உட்கார்ந்து ஆட ஆசை வரும். மலைக்காற்றுக்கு டைல் நகர்ந்தால் யார் நகரம் யாரோடு ஒட்டியிருந்தது என்று தீராத வழக்காகிவிடும். உள்ளே தரையில் பாய் விரித்து ஆடுங்கள்.

பிள்ளைகளோடு ஆடும்போது, முடிக்காத பேராலய நகரத்துக்கு ஒன்றுமே இல்லை என்பது ரொம்பக் கொடுமை, டைலுக்கு ஒரு புள்ளியாவது கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் கேட்பார்கள். மனசு புரிகிறது. ஆனால் இந்த மாற்றத்தை மட்டும் செய்யாதீர்கள். முடிக்காவிட்டாலும் ஒரு புள்ளி என்று வைத்துவிட்டால், பேராலயம் வைப்பதில் லாபம் மட்டுமே மிஞ்சும். முடித்தால் 3, முடிக்காவிட்டாலும் சாதாரண நகரத்துக்குக் கிடைக்கும் அதே 1. பிறகு யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? வந்தால் வைக்க வேண்டியதுதான். தராசு போய்விடும். எதிராளி நகரத்தில் வைப்பதற்கும் காரணம் இருக்காது.

அதற்குப் பதிலாக நேரத்தைக் கொடுங்கள். டைல்களை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதியோடு இரண்டு பேராலயங்களையும் சேர்த்துப் பையில் போடுங்கள். அது தீர்ந்த பிறகு மற்ற பாதியைப் போடுங்கள். இப்படிச் செய்தால் இரண்டும் ஆட்டத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடும், மூன்று வாய்களையும் மூட நிறைய முறை கிடைக்கும், கடைசி நேரத்தில் யாருடைய நகரமும் திடீரென்று பூஜ்யமாகாது. விதி மாறவே இல்லை, வாய்ப்பு மட்டும் பாதிக்கு மேலே ஏறியிருக்கிறது. அவர்களாகவே ஒருநாள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து போடச் சொல்லிக் கேட்பார்கள். அதன் பிறகு பெரிய பெட்டியிலிருந்து விடுதி டைல்களையும் எடுத்துச் சேர்க்கலாம்.